ஒரு ஸ்டாப்பர் பேக்குக்கு இவ்வளவு மவுசா? எகிப்தின் ஹானி ரம்ஸி பற்றி ஒரு கேள்வி

கம்மனஹள்ளி_கோலி கேட்டது:

வணக்கம் மக்களே. பெங்களூரில் கம்மனஹள்ளி பக்கம் ஒரு டர்ஃபில் ஞாயிறு காலையில் ஆடுகிறோம். பாதிப் பேர் நம்ம ஆட்கள், மீதி இங்கே காலேஜ் படிக்க வந்திருக்கும் சூடான், ஏமன் பையன்கள், அவர்களோடு ஒரே ஒரு எகிப்துக்காரன். நான் கோலி, அதனால் எனக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கிற பேக்குகள் செய்யும் நல்லது கெட்டது எல்லாம் என் கண்ணில்தான் முதலில் படும். யாராவது கால் வைக்காமல் சுத்தமாகப் பந்தை எடுத்துவிட்டால் போதும், இந்த எகிப்துக்காரன் அந்தப் பக்கத்திலிருந்தே "ரம்ஸி! ரம்ஸி!" என்று கத்துகிறான். கோல் போட்டவனைப் பார்த்து "சலா" என்று கத்துவது புரிகிறது, அவர்கள் நாட்டு ஸ்டார். இது யார்டா ரம்ஸி என்று கேட்டால் போனை எடுத்து மங்கலான பழைய வீடியோக்களைக் காட்டுகிறான். அவன் அப்பாவுக்கும் ரம்ஸிதான் உசுராம், இவன் பிறந்ததே அந்த ஆள் ஜெர்மனியில் ஆடிக்கொண்டிருந்த காலத்தின் கடைசியில்தான், அப்படியும் இவனுக்கு அந்தப் பித்து.

நெட்டில் தேடினால் வரிசையாகக் கிளப் பெயர்கள்தான் வருகின்றன. எகிப்தில் அல் அஹ்லி, சுவிட்சர்லாந்தில் நியூஷாடெல் ஸமாக்ஸ், ஜெர்மனியில் வெர்டர் பிரெமென், கைசர்ஸ்லாட்டர்ன், கடைசியில் ஸார்ப்ரூக்கன், அப்புறம் கோச். தேசிய அணிக்கு நூறு மேட்சுக்கு மேல். எல்லாம் சரி. ஆனால் ரிட்டயர் ஆகி இருபது வருஷம் போல ஆகிவிட்ட ஒரு ஸ்டாப்பர், அதாவது நடுவில் நின்று தடுக்கிற பேக், பெரிய கோல் எதுவும் போடாதவர், கோச்சாகவும் பெரிய கப் எதுவும் எடுத்த மாதிரி தெரியாதவர், இன்னும் எப்படி இவ்வளவு பிரபலம்? எகிப்து ஃபுட்பால் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள். "லெஜண்ட் ப்ரோ" மாதிரி பதில் வேண்டாம்.

—

ஹலசூரு_பெரிசு:

தம்பி, 1990-ஐ விட்டுவிட்டு இந்த ஆளைப் பற்றிப் பேச முடியாது. எகிப்து அதற்கு முன்னால் உலகக் கோப்பை ஆடியது 1934-இல். இத்தாலியில் ஒரே ஒரு மேட்ச், ஹங்கேரியிடம் 4-2 தோல்வி, மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு. மறுபடி உள்ளே நுழைய 56 வருஷம் ஆயிற்று, அதுவும் அதே இத்தாலிக்கே. கிடைத்த குரூப்பைப் பார்: நெதர்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து. நெதர்லாந்து அப்போது ஐரோப்பிய சாம்பியன், வான் பாஸ்டன், குல்லிட், ரைகார்ட் எல்லாரும் உச்சத்தில் இருந்த சமயம். மூன்று மேட்சிலும் மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு போவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நடந்தது என்ன? நெதர்லாந்தோடு 1-1, அயர்லாந்தோடு 0-0, இங்கிலாந்திடம் 0-1. மூன்று மேட்சில் வாங்கியது இரண்டே கோல். அந்த டிஃபென்ஸில் வலது பக்கம் இப்ராஹிம் ஹஸன், இடது பக்கம் ரபி யாசின், நடுவில் ஹிஷாம் யகனும் இந்த ரம்ஸியும். ரம்ஸிக்கு வயது 21.

21 வயதுப் பையன் வான் பாஸ்டன் பக்கத்தில் நிற்கிறான் என்றால் என்ன என்று, அந்தக் காலத்து ஃபுட்பால் பார்த்தவனுக்குத்தான் தெரியும். தூர்தர்ஷனில் அந்த உலகக் கோப்பையைப் பார்த்து வளர்ந்த எங்கள் ஏரியா பசங்க எல்லாரும் கேமரூன் ரோஜர் மில்லா மாதிரி கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் இடுப்பை ஆட்டினார்கள், எகிப்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. எகிப்தில் அப்படி இல்லை, அந்த ஒரு கோலும் அந்த இரண்டு டிராவும் அவர்களுக்குப் பல வருஷம் தாங்குகிற சாப்பாடு.

அதை விட முக்கியம் அதற்கப்புறம் அவர் செய்தது. அதே வருஷம் சுவிட்சர்லாந்து போய் நியூஷாடெல் ஸமாக்ஸில் சேர்ந்தார். அப்போது அங்கே கோச் யார் தெரியுமா, ராய் ஹாட்ஜ்சன், பிற்பாடு இங்கிலாந்துக்கே கோச்சாக இருந்தாரே அவரேதான். அடுத்த வருஷம் ஹோஸாம் ஹஸன், இப்ராஹிம் ஹஸன் இரட்டையர்களும் அங்கே வந்தார்கள். 1991-இல் ஐரோப்பியக் கிளப்புகள் ஆடும் யுஇஎஃப்ஏ கப்பில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 5-1 என்று அடித்தார்கள், அதில் ஹோஸாம் மட்டும் நாலு. அதே சீசனில் ரியல் மாட்ரிடையும் சொந்த ஊரில் 1-0 ஜெயித்தார்கள், மாட்ரிடில் நடந்த மறு மேட்சில் 4-0 வாங்கியது தனிக் கதை. இரட்டையர்கள் சீக்கிரமே அஹ்லிக்குத் திரும்பிவிட்டார்கள். நல்ல காசு, நல்ல பேர், சொந்த ஊர், யார்தான் திரும்ப மாட்டார்கள்? ரம்ஸி திரும்பவில்லை. 1994-இல் பிரெமென், 1998-இல் கைசர்ஸ்லாட்டர்ன், அங்கேயே 2005 வரை. கைசர்ஸ்லாட்டர்ன் என்றால் இன்றைய பையன்களுக்கு ஒன்றும் தோன்றாது, ஆனால் அவர் சேர்ந்தபோது அது அப்போதுதான் ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான பண்டஸ்லிகாவில் சாம்பியனான அணி. அடுத்த சீசனில் சாம்பியன்ஸ் லீக் கால் இறுதி வரை போனார்கள், 2001-இல் யுஇஎஃப்ஏ கப் அரை இறுதி. பல்லாக், ஜோர்காயெஃப், சின்னப் பையனாக வந்த க்ளோஸ், எல்லாரும் அந்தந்தச் சமயத்தில் அந்த டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தவர்கள்தான்.

பதினைந்து வருஷம் மாதிரி ஒருத்தன் ஐரோப்பாவில் வாரா வாரம் பேக் ஆடுகிறான். ஸ்டார் இல்லை, போஸ்டர் பாய் இல்லை, திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போகிற மாதிரிப் போய் வேலையைப் பார்த்துவிட்டு வருகிறவன். எகிப்துக்காரனுக்கு அதில்தான் பெருமை. நம்மவன் ஒருத்தன் அங்கே வித்தை காட்டவில்லை, வேலை பார்த்தான், அவர்களும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

—

பானஸ்வாடி_பெஞ்ச்:

பெரிசு, எல்லாம் சரி, ஆனால் அந்த அயர்லாந்து மேட்சைப் பற்றி ஒரு வரியோடு நழுவிவிட்டீர்களே! எகிப்துக்காரர்கள் கோலி கையில் பந்தைக் கொடுப்பது, அவன் உருட்டிவிடுவது, மறுபடி கோலிக்கே கொடுப்பது. அயர்லாந்து கோச் ஜாக் சார்ல்டன் கொதித்துப் போனார். அந்த மாதிரி மேட்சுகளால்தான் 1992-இல் பேக்பாஸைக் கோலி கையால் எடுக்கக்கூடாது என்று ரூலையே மாற்றினார்கள். ரம்ஸி கம்பெனி உலகத்துக்குச் செய்த ஒரே சேவை அதுதான் 😄

—

ஹலசூரு_பெரிசு:

குரு, அந்த உலகக் கோப்பை முழுக்கவே அறுவைதான், எகிப்து மேல் மட்டும் பழி போடாதே. ஃபைனலைப் பார்த்தாயா? அயர்லாந்து அந்தப் போட்டியில் ஒரு மேட்ச் கூட ஜெயிக்காமல் கால் இறுதி வரை போனது, அவர்களும் பந்தை வானத்துக்கு அடித்துவிட்டுப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். இருந்த ரூலுக்குள் ஆடினார்கள், அவ்வளவுதான்.

—

ஒயிட்ஃபீல்டு_வாசி:

ஒரு ப்ராஜெக்டுக்காகக் கெய்ரோவில் சில வருஷம் இருந்தவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன். பெரிசு சொன்னது உண்மை, ஆனால் பாதிதான்.

கெய்ரோவில் ஃபுட்பால் என்றால் முதல் கேள்வியே நீ அஹ்லியா ஸமாலெக்கா என்பதுதான். அஹ்லி 1907-இல் ஆரம்பித்த சிவப்பு, ஸமாலெக் 1911-இல் ஆரம்பித்த வெள்ளை. இரண்டும் மோதும் நாளில் ரெஃப்ரீயைக் கூட வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வழக்கம், உள்ளூர் ஆளை யாரும் நம்ப மாட்டார்கள். நான் இருந்த தெருவில் ஒரு டீக்கடை, அவர்கள் அஹ்வா என்பார்கள். மேட்ச் அன்றைக்கு நாற்காலிகள் நடைபாதையைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிடும், கண்ணாடி கிளாசில் புதினா போட்ட டீ, ஹூக்கா, டிவியை ஜன்னலில் தெருப்பக்கம் பார்த்து வைத்திருப்பார்கள். அந்தக் கடைக்காரர் சிவப்பு, பக்கத்துப் பழக்கடைக்காரர் வெள்ளை. மேட்ச் நடக்கிற ராத்திரி இவர் அவருக்கு டீ தர மாட்டார், அவரும் கேட்க மாட்டார், மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டு பேரும் ஒரே தட்டில் ஃபூல் (வேக வைத்த பீன்ஸ்) சாப்பிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஆட்டக்காரனை எல்லாருக்கும் பிடிப்பது லேசில் நடக்காது. ஹஸன் இரட்டையர்களையே பாருங்கள், அஹ்லியின் செல்லப் பிள்ளைகள், 2000-இல் நேராக ஸமாலெக்கில் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. ரம்ஸி விஷயத்தில் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. அஹ்லியில் வளர்ந்தார், சரி, ஆனால் 21 வயதில் வெளியே போய்விட்டார். உள்ளூரில் இருந்திருந்தால் வருஷத்துக்கு இரண்டு தடவை ஸமாலெக்காரர்களின் ஸ்ட்ரைக்கரைக் கீழே தள்ளியிருப்பார், அவர்களிடம் திட்டும் வாங்கியிருப்பார். அவர்கள் ரம்ஸியைப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் தேசிய ஜெர்ஸியில்தான். 1998-இல் புர்கினா ஃபாசோவில் எகிப்து ஆப்பிரிக்கக் கோப்பை எடுத்ததே, ஃபைனலில் தென்னாப்பிரிக்காவை 2-0, அந்த அணியிலும் அவர் இருந்தார். மஹ்மூத் எல் கோஹரி கோச். 1959-இல் ஆட்டக்காரராகவும் 1998-இல் கோச்சாகவும் அதே கோப்பையை எடுத்த முதல் ஆள் அவர்தான். அதற்கு முந்தைய வருஷங்களில் எகிப்து அடி வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் அந்தக் கோப்பைக்கு ருசி அதிகம்.

இன்னொன்று, இதை அங்கே வெளிப்படையாகப் பேச மாட்டார்கள், ஆனால் எல்லாருக்கும் தெரியும். ரம்ஸி கோப்டிக் கிறிஸ்தவர், அது எகிப்தின் பழமையான கிறிஸ்தவப் பிரிவு. எகிப்தில் அவர்கள் கணிசமாக இருந்தாலும் தேசிய அணியில் நிலைத்து ஆடியவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். என் ஆபீசில் ஒரு கோப்டிக் அக்கவுண்டன்ட் இருந்தார், ஃபுட்பாலில் அவ்வளவு நாட்டமில்லாத மனிதர், ஆனால் ரம்ஸி பெயரை எடுத்தால் முகமே மாறிவிடும். அதற்காக அதுதான் காரணம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் டர்ஃப் நண்பனின் அப்பா எந்த மதமாகவும் இருக்கலாம், முஸ்லிம்களிடமும் அவருக்கு அதே மரியாதைதான், அதுதான் நான் அங்கே கவனித்தது.

அப்புறம் அந்த 1990 அணி எகிப்தில் பழைய கதையாக ஆகவே இல்லை, அதற்கு டிவியும் ஒரு காரணம். அன்றைய கோலி ஷோபைர் பிற்பாடு பெரிய டிவி தொகுப்பாளர் ஆகிவிட்டார். நெதர்லாந்துக்கு எதிராகப் பெனால்டி போட்ட மக்தி அப்தெல் கனி வாயைத் திறந்தாலே அந்தக் கோலைப் பற்றித்தான் பேசுவார். ஊரே கிண்டல் அடிக்கும், ஆனால் மனிதர் விட மாட்டார். ஏன் விட வேண்டும்? 2018-இல் ரஷ்யாவுக்கு எதிராகச் சலா பெனால்டி போடும் வரை, 28 வருஷம், உலகக் கோப்பையில் எகிப்தின் கடைசி கோல் அவருடையதுதானே! இப்படி அந்த அணியின் பெயர்கள் வீட்டுக்குள் புழங்கிக்கொண்டே இருந்தன. உன் நண்பன் மாதிரிப் பின்னால் பிறந்த பையன்களுக்கும் ரம்ஸி தெரிந்திருப்பதற்கு இது போதும்.

—

சர்ஜாபூர்_ஸ்ட்ரைக்கர்:

எல்லாரும் ஆட்டக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள், கோச் கதை எங்கே? கேள்வியில் அதுவும் இருக்கிறது. நான் சொல்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள். கோச்சாக ரம்ஸி சுமார். 2019-இல் ஆப்பிரிக்கக் கோப்பை எகிப்திலேயே நடந்தது, ஹவியர் அகிரே கோச், ரம்ஸி உதவிக் கோச். சொந்த மண், நிரம்பி வழியும் கெய்ரோ ஸ்டேடியம், சலா அணியில், எதிரே தென்னாப்பிரிக்கா. 85-ஆவது நிமிஷம் ஒரு கவுன்டர் அட்டாக், கோல், 0-1, ரவுண்ட் ஆஃப் 16-லேயே வீட்டுக்கு. கோச்சிங் குழு மொத்தத்தையும் கலைத்தார்கள், சங்கத் தலைவரே ராஜினாமா செய்தார்.

எகிப்துக்காரர்கள் கோச் என்று யாரையாவது கும்பிட வேண்டுமென்றால் ஹஸன் ஷெஹாதா இருக்கிறார். 2006, 2008, 2010 என்று வரிசையாக மூன்று ஆப்பிரிக்கக் கோப்பை. அந்தக் கணக்கு வேறு யாரிடமும் கிடையாது. சரி, பேக் ஆடிக் கோச் ஆனவர்தான் வேண்டுமென்றால் ரம்ஸியோடு அதே 1990 டிஃபென்ஸில் நின்ற ரபி யாசின் இருக்கிறாரே, 2013-இல் இருபது வயதுக்கு உட்பட்டோர் அணியை ஆப்பிரிக்க சாம்பியன் ஆக்கினார். உன் நண்பன் "யாசின்! யாசின்!" என்று ஏன் கத்தவில்லை?

—

கம்மனஹள்ளி_கோலி:

ஒயிட்ஃபீல்டு அண்ணா, அஹ்லி ஸமாலெக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. பெரிசு ஐயா சொன்னதும் புரிகிறது. ஆனால் சர்ஜாபூர் கேட்பது நியாயம்தானே? கோச்சாக ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை என்றால் அந்தப் பேர் ஏன் இறங்கவில்லை? நம்ம ஊரில் நல்ல ஆட்டக்காரன் கோச்சாகி இரண்டு மேட்ச் தோற்றால் போதும், பழையதையும் சேர்த்துக் கிழித்துத் தொங்கவிடுவார்களே.

—

மர்ஃபிடவுன்_மீனா:

நான் ஒரு ஸ்கூல் கிரவுண்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் கொடுக்கிறேன், அதனால் இந்தக் கோச் விவகாரத்தில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு. சர்ஜாபூர் 2019-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், அதில் ரம்ஸி உதவியாளர்தான். 2012-ஐ ஏன் விட்டுவிட்டார் என்று புரியவில்லை, ரம்ஸி தலைமைக் கோச்சாக இருந்தது அங்கேதான்.

லண்டன் ஒலிம்பிக்ஸ். எகிப்து ஃபுட்பால் அணி ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெற்றதே 1992-க்கு அப்புறம் அப்போதுதான். மொராக்கோவில் நடந்த 23 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் மூன்றாம் இடம் பிடித்து டிக்கெட் வாங்கினார்கள். அதற்கடுத்து என்ன நடந்தது? 2012 பிப்ரவரி 1, போர்ட் சயீத் ஸ்டேடியம். அல் மஸ்ரி, அஹ்லி மேட்ச் முடிந்ததும் கூட்டம் உள்ளே புகுந்து எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். லீக்கை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது நிறுத்தியதுதான், அந்த சீசன் திரும்ப ஆரம்பிக்கவே இல்லை. ஒலிம்பிக்ஸுக்கு ஆறு மாசம் இருக்கிறது, உங்கள் பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆட மேட்சே இல்லை, நாடு முழுக்கத் துக்கம், கோபம், ரோட்டில் போராட்டம். கோச்சிங் கொடுக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் மூன்று வாரம் மேட்ச் ஆடாமல் இருந்தாலே கால் கட்டிப்போய்விடும், மூளையும் மெதுவாகிவிடும். இவர்களுக்கு மாசக்கணக்கில்.

அந்தச் சமயத்தில்தான் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் ஒரு நட்பு மேட்சுக்கு ஏற்பாடு செய்தது. அவர்களுக்கு எகிப்துப் பையன் ஒருத்தன் மேல் ஏற்கனவே கண், லீக் நின்றுபோனதால் நேரில் பார்க்க வழியில்லை. மார்ச் மாதம் ரம்ஸியின் அணி பாசலோடு ஆடியது. அந்தப் பையன் இரண்டாவது பாதியில் உள்ளே வந்தான், இரண்டு கோல், எகிப்து 4-3 ஜெயித்தது. அடுத்த மாதமே பாசல் அவனை வாங்கிவிட்டது. பேர் முகமது சலா. ரம்ஸி ஐரோப்பாவில் முதலில் கால் வைத்ததும் சுவிட்சர்லாந்தில்தான், சலாவும் அங்கேதான், அடுத்த வருஷம் இன்னொரு எகிப்துப் பையன் எல்நெனியும் பாசலுக்கே போனான். இதை எகிப்தில் யாரும் மறக்க மாட்டார்கள்.

லண்டன் ஒலிம்பிக்ஸில் முதல் மேட்ச் பிரேசில். நெய்மர், ஆஸ்கர், மார்செலோ எல்லாரும் இருந்த அணி. இடைவேளைக்குள் 3-0. வேறு அணியாக இருந்தால் அப்புறம் ஆறு ஏழு வாங்கியிருக்கும். இவர்கள் இரண்டாவது பாதியில் வந்து அபுட்ரிகா ஒன்று, சலா ஒன்று, 3-2. கடைசி நிமிஷங்களில் பிரேசில்காரர்கள் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார்கள், பிரேசில்! அப்புறம் நியூசிலாந்தோடு 1-1, பெலாரஸை 3-1, கால் இறுதி. சலா மூன்று குரூப் மேட்சிலும் கோல். கால் இறுதியில் ஜப்பானிடம் 3-0, ஒரு ஆள் ரெட் கார்டு வாங்கி வெளியே போனதும் கதை முடிந்தது. 1984-க்கு அப்புறம் ஒலிம்பிக்ஸில் எகிப்து அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. மெடல் இல்லைதான். ஆனால் லீக்கே இல்லாத ஒரு நாட்டிலிருந்து போய்க் கால் இறுதி ஆடினார்கள், இதைச் சுமார் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த அணியில் அஹ்மது ஹெகாஸி என்று நெடுநெடுவென்று ஒரு ஸ்டாப்பர் பேக் இருந்தான், பிற்பாடு இங்கிலாந்தில் வெஸ்ட் பிராமில் ஆடினான். பேக் ஆடிய ஒரு கோச்சுக்குக் கீழே வளர்ந்த பேக்.

—

சர்ஜாபூர்_ஸ்ட்ரைக்கர்:

மீனா மேடம், சலாவை ரம்ஸி கண்டுபிடித்தார் என்று மட்டும் கிளப்பிவிடாதீர்கள், சலா அதற்கு முன்பே முகாவ்லூன் கிளப்பிலும் 2011 யூத் உலகக் கோப்பையிலும் ஆடியவன். பாசல்காரர்களுக்கு ஏற்கனவே கண் இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த மேட்சில் முதல் பாதி முழுக்க அவனை பெஞ்சில் உட்கார வைத்ததும் இதே கோச்தான் 😏

—

மர்ஃபிடவுன்_மீனா:

நான் எங்கே கண்டுபிடித்தார் என்று சொன்னேன்? நாடே ஸ்தம்பித்து நின்ற நேரத்தில் அந்தப் பையன்களுக்கு ஆட ஒரு இடம் இருந்தது, அந்த இடத்தைக் கட்டிக் காத்தவர் இவர், அவ்வளவுதான் சொன்னேன். பெஞ்ச் விஷயம் உங்களுக்கே சிரிப்பாக இல்லையா?

—

டேனரி_ரோடு_லெஃப்ட்பேக்:

இதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது, எகிப்துக்காரர்கள் மேல் இல்லை, நம்ம மேல். நானும் வாழ்நாள் முழுக்கப் பேக் ஆடியவன், இங்கே அசோக்நகர் ஸ்டேடியத்தில் லீக் மேட்ச் ஆடியிருக்கிறேன். நம்ம கௌதம்புராவில் பெலேவுக்குச் சிலை இருக்கிறது. பெலே! பிரேசில்காரர்! தப்பில்லை, நானும் அங்கே நின்று போட்டோ எடுத்தவன்தான். ஆனால் ஹலசூரு, ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன் பக்கம் தமிழ்ப் பையன்கள் எத்தனை தலைமுறையாக ஆடுகிறார்கள், அதில் பேக் ஆடிய ஒருத்தனுக்கு ஒரு பேனர் கூடக் கட்டவில்லை. பெங்களூர் ஃபுட்பால் என்று பேச்செடுத்தால் யார் வருகிறார்கள்? 1948 ஒலிம்பிக்ஸில் பிரான்ஸுக்கு எதிராகக் கோல் போட்ட நம்ம சாரங்கபாணி ராமன், அகமது கான், எல்லாம் முன்னால் ஆடியவர்கள். அந்த மேட்சில் பெரும்பாலானோர் வெறுங்காலோடு ஆடினார்கள், பிரான்ஸ்காரன் பூட்ஸ் காலுக்கு முன்னால் வெறுங்காலை வைத்துத் தடுத்த பேக்குகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

இந்தியா முழுக்கவே அப்படித்தான். ஜர்னைல் சிங்கை எல்லாருக்கும் தெரியும், ஏன்? 1962 ஆசிய விளையாட்டில் தலையில் கட்டோடு அவரை ஃபார்வர்டாக இறக்கினார்கள், ஃபைனலில் கொரியாவுக்கு எதிராகக் கோல் போட்டார், அதனால். அவர் ஆசியாவிலேயே பெரிய ஸ்டாப்பர் என்பது இரண்டாவதாகத்தான் வரும். பேக் என்றால் கோல் போட்டால்தான் ஞாபகம்.

ரம்ஸி விஷயத்தில் எனக்குப் பிடித்தது அதுதான். கோல் இல்லை, பெனால்டி இல்லை, ஒரு நாட்டுப் பையன் டர்ஃபில் நல்ல டேக்கிளைப் பார்த்ததும் அந்தப் பேரைக் கத்துகிறான். எகிப்துக்காரனுக்கு ஃபுட்பால் பார்க்கத் தெரிந்திருக்கிறது, இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

—

ஹலசூரு_பெரிசு:

லெஃப்ட்பேக், வயிற்றெரிச்சல் புரிகிறது, பேனர் வைக்க நான் காசு போடுகிறேன், ஆளைச் சொல்லு. ஆனால் உன் பேனராக இருக்கக் கூடாது.

சர்ஜாபூர் கேட்ட யாசின் கேள்விக்குப் பதில் யாரும் சொல்லவில்லை. யாசினும் நல்ல பேக், கோச்சாக ஒரு கோப்பையும் இருக்கிறது. ஆனால் அவர் உள்ளூர் ஆள், வயதும் அதிகம். 1990 உலகக் கோப்பையின்போது அவருக்கு முப்பது நெருங்கியிருந்தது, வாழ்க்கை முழுக்க அஹ்லி. ரம்ஸி பேர் நிற்பது கோப்பையால் இல்லை, பண்டஸ்லிகாவில் ஒவ்வொரு சனிக்கிழமையும் நின்றதால். அதற்கப்புறம்தான் மிடோ, ஸக்கி, எல்நெனி, சலா என்று வரிசையாக ஐரோப்பாவுக்குப் போனார்கள், ஒவ்வொருத்தரிடமும் எகிப்துக்காரன் ஒன்றைத்தான் முதலில் பார்த்தான்: இவன் தாக்குப்பிடிப்பானா, ஆறு மாசத்தில் ஏர்போர்ட்டில் வந்து இறங்குவானா? அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்ன ஆள் கோச்சாகத் தோற்றால் இரண்டு நாள் திட்டுவார்கள், மூன்றாவது நாள் விட்டுவிடுவார்கள்.

—

கம்மனஹள்ளி_கோலி:

சரி, இதெல்லாம் போதும் எனக்கு, அந்தப் பையனிடம் இனிமேல் தைரியமாகப் பேசலாம். யூடியூபில் எதை முதலில் பார்ப்பது? முழு மேட்சாகப் பார்க்க நேரம் இல்லை.

—

ஒயிட்ஃபீல்டு_வாசி:

1990 நெதர்லாந்து மேட்ச், முழுசாகப் பார். பெனால்டியை விடு, வான் பாஸ்டன் பந்து வாங்கத் திரும்பும்போதெல்லாம் முதுகில் யார் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார். அயர்லாந்து மேட்சைத் தூக்கம் வராத ராத்திரிக்கு வைத்துக்கொள்.

—

மர்ஃபிடவுன்_மீனா:

2012 பிரேசில் மேட்ச், இரண்டாவது பாதி மட்டும். நாற்பத்தைந்து நிமிஷம்தான்.

—

சர்ஜாபூர்_ஸ்ட்ரைக்கர்:

இரண்டாவது பாதியை மட்டும் பார்த்தால் நான் கூட நல்ல கோச்தான் மேடம்.